பெரிசா, பாரமா?

எங்கள் பிள்ளைகள் இப்போது கருந்துளை பற்றிய காணொளிகளை விரும்பிப் பார்க்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் அவற்றில் அடிக்கடி வரும் 'சுப்பர்மெசிவ்' என்ற சொல்லைப் பற்றி ஆசிரியர்களாகிய நாங்கள் பெற்றோரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இதை 'பாரிய கருந்துளை' என்று எழுதுவதுண்டு. பாரிய விபத்து, பாரிய மோசடி என்பது போல. வாசித்தவுடன் "சரியான பெரிசு" என்றுதான் விளங்கும். ஆனால் அந்தச் சொல் சொல்வது பருமனை அல்ல, திணிவை.

பால்வீதியின் நடுவில் உள்ள கருந்துளையைப் பாருங்கள். அதன் திணிவு சூரியனைப் போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு. அவ்வளவும் புதன் கோள் சூரியனைச் சுற்றும் பாதைக்குள்ளேயே அடங்கிவிடும்! அருகில் ஓடும் நட்சத்திரங்களை வருடக்கணக்காக அவதானித்துத்தான் இதைக் கணித்தார்கள். அந்த வேலைக்காக ரைன்ஹார்ட் கென்செல், அன்ட்ரியா கெஸ் ஆகியோர் 2020 இல் பௌதிகவியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 2019 இல் முதன்முதலாகப் படம் வெளியான எம்87 கருந்துளையோ சூரியனைப் போல் 650 கோடி மடங்கு திணிவுடையது.

இனி நம் வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் காணொளிகளில் இதைப் 'பெருநிறைக் கருந்துளை' என்பார்கள். அங்கே நிறை என்றால் கிலோகிராமில் அளப்பது. நியூட்டனில் அளப்பது எடை. நமது பாடநூலிலோ கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூட்டனில் அளப்பதுதான் நிறை. 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் சந்திரனுக்குப் போனாலும் திணிவு 60 தான். நிறை மட்டும் ஏறத்தாழ 600 நியூட்டனில் இருந்து 100 ஆகக் குறையும்.

இரண்டு தமிழும் சரியே. ஆனால் கேட்டதை அப்படியே விடைத்தாளில் எழுதினால் புள்ளி போய்விடும். விளங்கிய பிள்ளைக்கே புள்ளி போவதுதான் எங்களுக்குக் கவலை.

அதனால் பாரமான நட்சத்திரத்தைப் 'பெருந்திணிவு நட்சத்திரம்' என்றும், இந்தக் கருந்துளையை 'மீப்பெருந்திணிவுக் கருந்துளை' என்றும் சொல்லிக் கொடுக்கலாம். சொல் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

காணொளிகளைத் தடுக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மகன், இந்த நிறை கிலோகிராமா, நியூட்டனா?" பதில் வந்தால் பாடம் விளங்கிவிட்டது.