கோபுரங்களுக்கு நடுவே ஒரு கோணல் கோடு

தில்லி கிட்வாய் நகரில் விடிகாலை ஓட்டம் காலில் தொடங்கிக் கண்காணாத கணிப்பொறியில் முடிகிறது. வழியில் சில விவரங்கள் தொலைகின்றன. சில விவரங்கள் ஊருக்கே தெரிந்துவிடுகின்றன.

விடிகாலை 5 மணி. கிழக்கு கிட்வாய் நகரின் உள்சாலைகளில் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. ஓட வந்தவர்கள் ஓடாமல் நிற்கிறார்கள். இடது கையை மார்பளவுக்கு உயர்த்தி, மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சூரிய நமஸ்காரம் அல்ல; சூரியன் வர நேரமிருக்கிறது. கடிகாரம் செயற்கைக்கோள்களைத் தேடுகிறது. அது கிடைத்தது என்று சொன்னால்தான் கால் நகரும்.

தெற்கு தில்லியின் இந்த வட்டாரம் தமிழர்களுக்குப் புதிதல்ல. அரவிந்தர் சாலை ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கிறது. ஐ.என்.ஏ. மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் தில்லி ஹாட்டும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டும். பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி. சற்றுத் தள்ளி சரோஜினி நகரில் விநாயகர் கோயில். மத்திய அரசு வேலைக்கு வந்து, இங்குள்ள குவார்ட்டர்ஸில் குடியிருந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பிய குடும்பங்கள் ஏராளம்.

அவர்கள் இன்று வந்தால் கிழக்குப் பகுதியை அடையாளம் காண மாட்டார்கள். மரநிழலில் தாழ்வாக நின்ற பழைய வீடுகள் போய்விட்டன. சுமார் 86 ஏக்கர் நிலத்தில் அரசு நிறுவனமான என்.பி.சி.சி. எழுப்பிய அடுக்குமாடிகள் 4,600க்கும் மேற்பட்ட வீடுகளோடு நிற்கின்றன. மாறாமல் இருப்பது ஒன்று: லோதி மன்னர்கள் காலத்துப் பிரபுவான தரியா கான் லோஹானியின் சமாதி. மேடையும் மூலை மண்டபங்களுமாக, கோபுரங்களின் காலடியில் அது கிடக்கிறது.

இந்த மாற்றம் கடிகாரத்துக்கும் தெரிகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து புறப்படும் அலை மணிக்கட்டை எட்ட, ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் வந்த நேரத்தை ஒப்பிட்டுத்தான் கடிகாரம் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தவறிவிடும்.

உயரமான கட்டடத்தின் சுவரில் மோதித் திரும்பி வரும் அலை நேராக வரும் அலையைவிடச் சற்று நேரம் கழித்தே வருகிறது. கடிகாரம் ஏமாந்துவிடுகிறது. விளைவு, நேர்ச்சாலையில் ஓடியவர் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த பிளாக்குக்குள் போய்வந்தது போலப் படத்தில் கோடு கோணுகிறது. அதே ஆள் வானம் திறந்து கிடக்கும் இடத்தில் ஓடினால் கோடு பெரும்பாலும் ஒழுங்காக விழுகிறது. இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் புதிய கடிகாரங்கள் இந்தக் குறையை வெகுவாகக் குறைக்கின்றன. விலையும் அதற்கேற்பத்தான்.

ஓடி முடித்ததும் அடுத்த கட்டம். வியர்வை காய்வதற்குள் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: “சிங்க் ஆச்சா?” கடிகாரத்தில் சேர்ந்த விவரங்கள் புளூடூத் வழியாகச் செல்போனுக்கும், அங்கிருந்து இணையம் வழியாகக் கடிகார நிறுவனத்தின் கணிப்பொறிக்கும், பிறகு ஸ்ட்ராவா போன்ற செயலிக்கும் போகின்றன. எதிர் பிளாக்குக்காரரின் ஓட்டம் வீடு வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது.

இந்த நகருக்குப் பெயர் தந்தவருக்கு இது புரிந்திருக்கும். ரஃபி அகமது கிட்வாய் சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர். 1949இல் அவர் காலத்தில் இரவு விமான அஞ்சல் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடும். அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். சிங்க் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

நாக்பூர் மூடிக்கிடந்தால்? 2020 ஜூலையில் அது நடந்தது. கார்மின் நிறுவனத்தின் கணிப்பொறிகளைப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று முடக்கியதில் உலகெங்கும் பல நாட்கள் சிங்க் நின்றுபோனது. ஓட்டம் எதுவும் தொலையவில்லை. கடிகாரத்துக்குள் பத்திரமாக இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் கேபிளைச் செருகி, கோப்பைத் தாங்களே எடுத்துச் செயலியில் ஏற்றினார்கள்.

சில்லறைத் தகராறுகள் தினமும் உண்டு. கடிகாரம் 10.02 கிலோமீட்டர் என்றால் செயலி 9.98 என்னும். புள்ளிகளை இணைக்கும் கணக்கு இடத்துக்கு இடம் வேறு. போனும் கடிகாரமும் தனித்தனியாக அனுப்பினால் ஒரே ஓட்டம் இரண்டாகப் பதிவாகும். கோப்புக்குள் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. இதைத் திருத்திக்கொள்ளாத மென்பொருளில் செவ்வாய் காலை 5 மணி ஓட்டம் திங்கள் இரவு 11.30க்கு நடந்ததாகிவிடும். ஒருநாள்கூட விடாமல் ஓடியவரின் கணக்கில் ஓட்டை விழும்.

ஆனால் கவலைப்படவேண்டியது வேறு. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்தைப் பார்த்த ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், இருண்ட பாலைவனங்களில் ஒளிரும் கோடுகள் ராணுவ முகாம்களின் வடிவம் என்று சுட்டிக்காட்டினார். வீரர்கள் ஓடிய தடங்கள் அவை. 2024இல் பிரெஞ்சு நாளேடான ‘லெ மோந்த்’, அமெரிக்க, பிரெஞ்சு அதிபர்களின் மெய்க்காவலர்கள் இதே செயலியில் விட்ட தடயங்களால் தலைவர்களின் இருப்பிடத்தையே ஊகிக்க முடிகிறது என்று காட்டியது.

கிட்வாய் நகர் சாதாரணக் குடியிருப்பு அல்ல. மத்திய அரசு அதிகாரிகள் வசிக்கும் இடம். ஓட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அதுதான் வீடு. எத்தனை மணிக்குக் கிளம்புவார், எந்தக் கிழமை வரமாட்டார் என்பதும் அதிலேயே இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள சில நூறு மீட்டரை மறைக்கும் வசதி செயலியில் உண்டு. தேடிப்போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 2016இல் ‘நாவிக்’ என்று பெயர் சூட்டப்பட்ட அமைப்பு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டவற்றால் ஆனது. செல்போன்களும் கடிகாரங்களும் வழக்கமாகக் கேட்கும் எல்-1 அலைவரிசை அதில் முதன்முதலாகச் சேர்ந்தது 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01இல்தான்.

இத்தனை அறிந்த கடிகாரத்துக்கு ஒன்று பிடிபடுவதில்லை. நவம்பரில் புகைமூட்டம் இறங்கும்போதும் அது வழக்கம்போல வேகத்தை மட்டும் கேட்கிறது, காற்றைக் கேட்பதில்லை. 2017 நவம்பரில் மருத்துவர்கள் தள்ளிவைக்கச் சொல்லியும் தில்லி அரை மாரத்தான் நடந்தது. 2022 முதல் அது அக்டோபரில் நடக்கிறது. மற்ற நாட்களில் முடிவெடுக்க வேண்டியவர் ஓடுபவர். வாரக் கணக்கு குறையுமே என்று புகையில் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆறு மணிக்கு வெளிச்சம் வருகிறது. ஓடியவர்கள் சமாதியைத் தாண்டி வீடு திரும்புகிறார்கள், விரல் போனில். கிட்வாய் காலத்தில் நாக்பூரில் பைகள் கை மாறினாலும் கடிதங்கள் உறைக்குள் இருந்தன. இப்போது உறையை ஒட்டும் வேலை, அனுப்புகிறவருடையது.