பாட்டி வைக்காத கண்ணாடி

கொல்லிமலையை விட்டு வந்தவர்கள் பலாப்பழத்தைச் சொல்லி ஏங்குவார்கள், மிளகுக்கொடியைச் சொல்லி ஏங்குவார்கள். எனக்கோ, நான் ஒருமுறைகூடப் போகாத ஆடிப் பதினெட்டின் மேல்தான் ஏக்கம்.

அன்றைக்குச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் ஊரே கிளம்பும். எங்களுடையது கிறிஸ்தவச் சபைக் குடும்பம். பொட்டு, பூ, சினிமா எதுவும் கூடாது. திருவிழாப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. தோழிகள் தலை நிறைய மல்லிகையோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போவார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து சங்கீதம் மனப்பாடம் செய்வேன். ஜீப் மறைந்த பிறகும் அவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்கும். பதினைந்து வயதில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

கண்ணாடி முன்னால் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் அம்மா ஆரம்பித்துவிடுவார். "பிராண்ட் பாட்டி கடைசி இருபது வருசம் வீட்டுல கண்ணாடியே வைக்கலடி!"

அது உண்மைதான். எவ்லின் பிராண்ட் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், ஓவியம் வரைபவர். சாலையே இல்லாத காலத்தில் கணவர் ஜெஸ்ஸியோடு மிஷனரியாகக் கொல்லிமலையேறி வாழவந்தியில் குடியிருந்தார். பல வருடம் ஒருவரும் மதம் மாறவில்லை. அவர்களை எதிர்த்து நின்ற பூசாரியே விஷக்காய்ச்சலில் சாகும் தறுவாயில் தன் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். தங்கள் சொந்தப் பிள்ளைகள் பாலையும் கோனியையும் 1923இல் படிக்க லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பலாமரத்தில் உட்கார்ந்து பாடம் படித்த பையன், அம்மாவின் சகோதரிகள் வீட்டுக் கட்டுப்பாட்டில் அடைந்து கிடந்தான். 1929இல் அப்பா மலையில் காய்ச்சலில் இறந்தபோது அவனுக்கு வயது 14. பிற்பாடு வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்து பேர் வாங்கிய டாக்டர் பால் பிராண்ட் அவர்தான்.

அம்மா சொல்லாமல் விட்டது பாட்டி கதையின் மறுபாதியை. வயதாகிவிட்டது, மலைக்கெல்லாம் போக வேண்டாம் என்றது மிஷன். எழுபதை நெருங்கிய பாட்டி, வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டு மலையேறிவிட்டார். கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொண்டும், குச்சி ஊன்றிக்கொண்டும் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம்.

நானும் இப்போது லண்டனில். ஈஸ்ட்ஹாமில் மல்லிகைச் சரம் கிடைக்கிறது, வைத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. வைத்தும் பார்த்தேன், கடைக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன், அவ்வளவுதான். கூட ஏறிக்கொள்ள ஜீப் இல்லாத ஊரில் பூ எதற்கு?

போனில் அம்மாவிடம் மறுபாதியைச் சொன்னேன். "உங்க பாட்டியும் சொன்ன பேச்சு கேட்டதில்ல."

"அவங்க ஊழியத்துக்காக மீறுனாங்க. நீ பூவுக்காக மீறப் பாத்த."

இதற்குப் பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் வருகிற ஆடிக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டுமாம். முட்டிவலிக்கு இப்போதே டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.