சும்மா தொங்கும் தராசு

கொஞ்சம் நீளமான பதிவு. வெங்காயம் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் ஹூக்கின் விதியை மனனம் செய்துதான் நானும் சித்தியடைந்தேன். சுருளிவில்லின் நீட்சி, இழுக்கும் விசைக்கு விகிதசமம். இந்தத் தவணை அதைத் தரம் 11 பிள்ளைகளுக்கு வேறு விதமாகக் காட்ட நினைத்து, ஃபோல்டிட் என்ற கணினி விளையாட்டை எடுத்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்டது, இலவசம். புரதச் சங்கிலியைச் சரியாக மடித்தால் புள்ளி கூடும். விஞ்ஞானிகளுக்குப் பல வருடங்கள் பிடிபடாத ஒரு குரங்கு வைரஸ் நொதியத்தின் அமைப்பை, 2011இல் இதை விளையாடியவர்கள் மூன்றே வாரங்களில் கண்டுபிடிக்க உதவினார்கள்.

அதில் சங்கிலியின் இரண்டு இடங்களைப் பட்டியால் இணைக்கலாம். பட்டி சுருளிவில் மாதிரி இழுக்கும். லூவா மொழியில் சில வரிகள் எழுதி, பலத்தைப் படிப்படியாகக் கூட்டி, தூரத்தையும் புள்ளியையும் குறித்தோம். பலம் கூடக் கூட முனைகள் நெருங்கின, புள்ளி சரிந்தது. பட்டியைக் கழற்றிச் சங்கிலியை அசைய விட்டால் புள்ளி மறுபடி ஏறியது.

ஒரு பையன் கேட்டான்: "சேர், இந்தப் பட்டி எத்தன தரம் இழுத்தாலும் இளகாதா?"

"இளகாது. அது கணக்கில மட்டும் உள்ள வில்."

"அப்ப எங்கட வாப்பாட தராசு?"

அடுத்த நாள் தராசைக் கொண்டுவந்தான். வெறுமனே தொங்கவிட்டோம். முள் அரைக் கிலோவில் நின்றது. மீள்தன்மை எல்லையைத் தாண்டிப் பாரம் தூக்கிய வில் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு நிறுவையிலும் இல்லாத அரைக் கிலோவுக்கு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள்.

பையனின் முகம் வாடிவிட்டது. வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம். "தெரியாம நடந்தது பிழை இல்ல மகன். இனித் தெரியும்" என்றேன். சூறா அல்முதஃப்பிஃபீன் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வீட்டில் சொல்லியிருக்கிறான். வாப்பா ஏசவில்லை. அந்த வாரமே புதுத் தராசு வாங்கிவிட்டாராம். அல்ஹம்துலில்லாஹ்.

நீங்களும் பாருங்கள். முதலில் தராசை வெறுமனே தொங்கவிடுங்கள். பிறகு ஐந்து லீற்றர் தண்ணீரைத் தூக்குங்கள், கேனின் நிறையைக் கழித்தால் ஐந்து கிலோ வரவேண்டும். திருகாணியைத் திருகி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. இளகிய வில் பாரத்திலும் பிழையாகக் காட்டலாம்.