மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் பிள்ளை

தமிழாசிரியராகிய நான் பள்ளியின் இசைக்குழுவுக்கும் பொறுப்பாசிரியர் என்று சொன்னால் பலர் வியப்புடன் பார்க்கின்றனர். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பாடம் கற்பிப்பதோடு இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்பும் ஆசிரியர்க்கு வந்து சேரும். எனக்கு வந்தது பேண்ட். இசை கற்றுத் தருபவர் வெளியிலிருந்து வரும் பயிற்றுநர். வருகையைக் குறிப்பது, கருவிகளைக் கணக்கெடுப்பது, பெற்றோரிடம் பேசுவது ஆகியவை என் பணிகள். இவற்றுள் கடைசிப் பணியைப் பற்றியே இன்று எழுத நினைக்கிறேன்.

நம் பெற்றோர் பலருக்கு இசை வகுப்பு புதிதன்று. வார இறுதியில் வீணைக்கும் மிருதங்கத்திற்கும் வாய்ப்பாட்டுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள்தாம். எனினும் பேண்ட் என்றதும் ஒரு தயக்கம். "அது நம்ம மியூசிக் இல்லையே, டீச்சர்" என்றார் ஒரு தந்தை. கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்தே புகழ்பெற்ற ஏ.கே.சி. நடராஜனை அவருக்கு நினைவூட்டினேன். 2022இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்த கலைஞர் அவர்.

உண்மையான வேறுபாடு கருவியில் இல்லை. பயிலும் முறையில் இருக்கிறது. வீணை பயிலும் பிள்ளை, வீட்டுக்கு விருந்தினர் வந்தால் ஒரு கீர்த்தனையை முழுமையாக வாசித்துக் காட்டும். பேண்டில் அப்படி இயலாது. கிளாரினெட் வாசிப்போரிலேயே முதலாம், இரண்டாம், மூன்றாம் எனப் பிரிவுகள் உண்டு. மெட்டு பெரும்பாலும் முதற்பிரிவினரிடம் இருக்கும். மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் பிள்ளை ஒரே சுரத்தை நான்கு எண்ணிக்கைக்கு நீட்டும்; பிறகு நெடுநேரம் ஊதாமல் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்; மீண்டும் அதே சுரம். வீட்டுக் கூடத்தில் இதைக் கேட்கும் பெற்றோர், பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை என்றே முடிவு செய்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கநிலை ஐந்தில் படித்த ஒரு மாணவியின் தாயார், மகளைப் பேண்டிலிருந்து விலக்கும்படி கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். கணிதத்தில் மதிப்பெண் குறைந்திருந்தது. "ஒரு வருஷமா பூம் பூம்னு ஊதுறா, டீச்சர். ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியல. அந்த நேரத்துல டியூஷனுக்காவது போகலாம்" என்றார். அவர் மருத்துவமனையில் தாதி; இரவுப் பணி முடித்து, பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் அந்த ஓசையைப் பொறுத்துக்கொண்டவர். ஆகையால் அவர்மீது எனக்கு வருத்தம் ஏற்படவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டேன். அன்று பிற்பகல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அரைமணி நேரம் அமர்ந்து கேட்டுவிட்டுச் செல்லுமாறு வேண்டினேன். பயிற்றுநரிடமும் ஓர் உதவி கேட்டேன்: ஒரு பகுதியை மூன்றாம் கிளாரினெட் இல்லாமல் ஒருமுறையும், சேர்த்து ஒருமுறையும் வாசிக்கச் செய்ய வேண்டும்.

முதல்முறை மெட்டு கேட்டது. ஆனால் அடியில் ஒன்றுமில்லாததுபோல் மெலிந்து ஒலித்தது. இரண்டாம்முறை கேட்டவுடன், அந்தப் 'பூம் பூம்' எங்கே போய்ச் சேருகிறது என்பது எவருக்கும் விளங்கியிருக்கும். தாயார் எதுவும் பேசவில்லை. மகள் ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் பயிற்றுநரின் கையையே நோக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளையாம்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிச் சென்றார். டியூஷன் சனிக்கிழமைக்கு மாறியது. கணித மதிப்பெண் உடனே உயர்ந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. மெல்ல மெல்லத்தான் தேறினாள்.

பேண்டைத் தண்டனையாகப் பயன்படுத்த வேண்டா என்று பெற்றோரை நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். கைபேசியைப் பறித்தால் இழப்பு அந்தப் பிள்ளைக்கு மட்டும். பேண்டிலிருந்து இரண்டு வாரம் நிறுத்தினால், பக்கத்து நாற்காலியில் அமரும் பிள்ளையும் தடுமாறும். காற்பந்தில் இருப்பதுபோல் மாற்று ஆட்டக்காரர் இங்கே இல்லை. சிங்கப்பூர் இளையர் விழா நெருங்கும் மாதங்களில் இந்த வெற்றிடம் இன்னும் நன்றாகத் தெரியும். அவ்விழாவில் 2013 முதல் தங்கம், வெள்ளி என்னும் விருதுகள் இல்லை; சான்றிதழ்கள்தாம். ஆயினும் "தங்கம் கிடைக்குமா?" என்று இன்றும் கேட்கின்றனர்!

வீட்டில் உதவுவதற்குப் பெற்றோர் இசை அறிந்திருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் பதினைந்து நிமிடம், இரவு எட்டு மணிக்கு முன், ஒரே இடத்தில் பயிற்சி செய்ய விட்டால் போதும். வீவக அடுக்குமாடியில் சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பம் இருக்கிறது. பிள்ளை கருவியைக் கொண்டுவரும் முதல் வாரத்திலேயே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. புகார் வந்தபின் சொன்னால் அது மன்னிப்புக் கேட்பதாகிவிடும்.

நாதசுரத்திற்குச் சீவாளி எப்படியோ, கிளாரினெட்டுக்கு ரீட் அப்படி. அதன் நுனி மிக மெல்லியது, உடைவது இயல்பு. அதற்காகப் பிள்ளையைத் திட்டாமல் இரண்டு மூன்று கைவசம் வைத்திருங்கள். வாய் வைத்து ஊதும் பகுதியைக் கொதிநீரில் கழுவினால் உருக்குலைந்துவிடும். வெதுவெதுப்பான நீர் போதும். மைலோ குடித்த வாயோடு ஊதினால் இனிப்பு கருவிக்குள் ஒட்டிக்கொள்ளும். முதலில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி நாளில் அவசியம் வாருங்கள். பிள்ளையின் முகத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் படம்பிடிப்பதைச் சிறிது நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அத்தனை கருவிகளின் நடுவே உங்கள் வீட்டு ஒற்றைச் சுரத்தைப் பிரித்தறிய எங்களால்கூட முடியாது. நாள்தோறும் கேட்டுச் சலித்த உங்களால் முடியும்.

நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்குப் பேண்ட் உதவுமா என்று கேட்பவர்களும் உண்டு. சில உயர்நிலைப் பள்ளிகளில் உதவும். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லித் தொடங்கி வைக்காதீர்கள். எங்கள் பள்ளியில் கருவி பள்ளிக்குச் சொந்தம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும்போது பிள்ளை அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து எங்களிடம் ஒப்படைக்கும். உயர்நிலையிலும் தொடர விருப்பமா என்று அன்று பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம்.