முதல் ஓட்டம்

எங்கள் வீட்டில் ஒரு குதிரையின் பெயரைச் சொல்லக்கூடாது. முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கும் தடை. போட்டவள் அம்மா.

1993இல் நான் ஒன்பதாம் வகுப்பு. சைதாப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். அப்பா ஒரு தனியார் கம்பெனியில் கிளார்க். ரேஸ் நாட்களில் மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டிக் கிண்டிக்கு நடந்தே போவார். பஸ் காசு மிச்சமானால் அதையும் சேர்த்துக் கட்டலாம் என்பது கணக்கு.

அந்தக் குதிரை போன சீசனில் வரிசையாக மூன்று பந்தயம் ஜெயித்திருந்தது. பிறகு சில மாதம் லாயத்தில் ஓய்வு. திரும்பி ஓடவரும் முதல் நாளில் அதுதான் ஹாட் ஃபேவரிட். ஸ்டாண்டில் எல்லார் வாயிலும் அதன் பெயர்தான் என்று அப்பா பிறகு சொன்னார். என் ஸ்கூல் ஃபீஸுக்காக வைத்திருந்த பணம் முழுவதையும் அதன்மேல் கட்டினார். குதிரை ஆறாவதாக வந்தது.

அன்றிரவு அப்பா கூடத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "முதல் ஓட்டம்ல? உடம்பு இன்னும் கட்டு விழல. இதைக் கணக்குல சேக்கக் கூடாது. அடுத்த ஓட்டம் பாரு."

அம்மா சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "குதிரைக்கு அடுத்த ஓட்டம் இருக்கு. ஃபீஸுக்குக் கடைசித் தேதி ஒண்ணுதான்."

மறுநாள் அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. மீட்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவரை காதில் வேப்பங்குச்சி.

1996இல், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்பா பேப்பரை மடித்து அம்மா கண்ணில் படும்படி அடுப்படி மேடையில் வைத்தார். அம்மா அதில் வெங்காயம் உரித்தாள்.

இதெல்லாம் எனக்குப் பழங்கதையாகிவிட்ட காலத்தில் மஞ்சள்காமாலை வந்து படுத்தேன். நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுப்பவள். என் வகுப்பு வேண்டும் என்று கேட்டுப் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் உண்டு. பத்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை திரும்பப் போனேன். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் வினை. விட்ட பத்து வாரத்தையும் ஒரே பீரியடில் பிடித்துவிடுகிற மாதிரி பேசினேன். ரத்த ஓட்டம் பாடம். இருபத்தைந்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது, முதுகெல்லாம் வியர்வை. போர்டில் இதயத்தை வரைந்து, நுரையீரல் தமனிக்குச் சிவப்புச் சாக்பீஸால் வண்ணம் தீட்டியிருக்கிறேன். "மிஸ், அது நீலம்ல?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. ஆட்டோ வைத்து அனுப்பினார்கள். மாலையில் ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்து, பரீட்சை நெருங்குகிறது, வேண்டுமானால் இந்த பேட்சை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்பா பார்க்க வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆரம்பத்துலயே ரொம்ப இழுத்துட்டியாம்மா?"

புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. ஓய்விலிருந்து வரும் குதிரைக்கு உற்சாகம் அதிகம். கேட் திறந்ததும் லகானை இழுத்துக்கொண்டு பாயும். ஜாக்கி பிடித்து நிறுத்தப் பார்ப்பான். அந்த இழுபறியிலேயே பாதித் தெம்பு போய்விடும். கடைசி நானூறு மீட்டரில் கால் இருக்கும், மூச்சு இருக்காது.

விலங்கியல் டீச்சருக்கு அப்பா குதிரைப்பாடம் எடுக்கிறாரே என்று அன்றிரவு தேடிப் படித்தேன். சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிஷத்துக்கு முப்பது நாற்பது முறை துடிக்கும். முழு ஓட்டத்தில் 220ஐத் தாண்டும். மண்ணீரல், சேர்த்துவைத்த சிவப்பணுக்களையெல்லாம் ரத்தத்தில் கொட்டும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான். இவ்வளவையும் உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைக் காலைப் பயிற்சி ஓட்டத்தால் மட்டும் செய்துவிட முடிவதில்லை. உச்சத்தில் நெடுநாள் வைத்திருக்கவும் முடியாது. பெரிய கோப்பை இரண்டு மாதம் தள்ளி இருக்கும்போது டிரெய்னர் குதிரையை முதல் நாளுக்கே முழுசாகத் தீட்ட மாட்டார். அவருக்கு முதல் ஓட்டமும் பயிற்சிதான். ஹேண்டிகேப் பந்தயம் என்றால் இன்னொன்றும் உண்டு: போன சீசனில் ஜெயித்ததற்குத் தண்டனையாக முதுகில் கூடுதல் எடை.

மறுநாள் அப்பா போனில் ஒரு வீடியோ காட்டினார். டென்மன் என்ற குதிரை. 2008 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்ட்டனம் கோல்டு கப்பில் காட்டோ ஸ்டாரை ஏழு லெங்த் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்த இலையுதிர் காலத்தில் அதற்கு இதயத்துடிப்பில் கோளாறு கண்டுபிடித்து வைத்தியம் செய்தார்கள். 2009 பிப்ரவரியில் கெம்ப்டனில் திரும்ப வந்தபோது ஃபேவரிட்டும் அதுதான். 23 லெங்த் பின்னால் வந்தது. ஐம்பது மீட்டருக்கும் மேல். முடிந்தது கதை என்றார்கள். அடுத்த மாதமே செல்ட்டனத்தில் காட்டோ ஸ்டாருக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. நவம்பரில் நியூபரியில் ஹென்னெஸி கோப்பையை இருப்பதிலேயே அதிக எடையைச் சுமந்து ஜெயித்தது.

"அந்த நவம்பர் ஓட்டமும் அந்த சீசனோட முதல் ஓட்டம்தானேப்பா? அப்போ உங்க விதி?"

அப்பா சிரித்தார். "சில குதிரை ஓய்வுக்கப்புறந்தான் நல்லா ஓடும். அதான் ரேஸ்."

இவ்வளவு தெரிந்த மனிதர் எப்படி என் ஃபீஸைக் கொண்டுபோய்க் கட்டினார்? அத்தனை வருஷம் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும்மா. வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது. பேடாக்ல நடக்கறப்பவே பாத்தேன். ஆனா அதைப் பாக்கப் பாக்க, போன வருஷம் ஓடினதுதான் கண்ணு முன்னால வந்து நின்னுது" என்றார்.

ஜப்பானில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் குதிரையின் எடையையும், போன ஓட்டத்திலிருந்து எத்தனை கிலோ கூடியது, குறைந்தது என்பதையும் அறிவித்துவிடுவார்கள். அது தெரிந்தும் அங்கே ஃபேவரிட்டுகள் தோற்கத்தான் செய்கின்றன. ஓடுவது இன்றைய உடம்பு. கூட்டம் பணம் கட்டுவது போன சீசன் ஞாபகத்தின்மேல். என் பிள்ளைகள் கை தட்டியதும் அந்த ஞாபகத்துக்குத்தான். நானும் அதன்மேல்தான் கட்டினேன்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசி, முதல் இரண்டு வாரம் பாதி வகுப்பு போதும் என்று கேட்டு வாங்கினேன். உட்கார்ந்துகொண்டே பாடம் எடுத்தேன். மூன்றாவது வாரம் நின்றேன். பேட்ச் என்னிடமே இருந்தது.

அப்பாவை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் கம்மலைக் கொண்டுபோன அதே வாக்கியம்தான் என்னை எழுப்பி உட்காரவைத்தது. எல்லாருக்கும் அந்தச் சலுகையைத் தாராளமாகக் கொடுப்பவர் அப்பா. அதற்கான செலவு எப்போதும் அம்மாவுடையது.

அன்று அவர் கிளம்பும்போது, "அந்தக் குதிரை அடுத்த ஓட்டத்துல என்னாச்சுப்பா?" என்று கேட்டேன்.

அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மூணு வாரம் கழிச்சு. நாலு லெங்த்ல ஜெயிச்சுது. நல்ல ரேட் வேற."

"நீங்க கட்டினீங்களா?"

"காசு ஏதும்மா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. "பேரை மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் அம்மா.