ஒரு புள்ளி

மதரஸாவில் அரபி எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கும் நாளில் நாம் மாணவர்க்குச் சொல்வது ஒன்றுண்டு. ரஹ்மத் என்னும் சொல்லின் முதலெழுத்தின்மேல் ஒரு புள்ளியை இட்டுவிட்டால் அது ஜஹ்மத் ஆகிவிடும். அருள் போய் நெருக்கடி வந்து நிற்கும். முப்பதாண்டுகள் இதைச் சொல்லிவந்த நாமே, நம் இல்லத்தில் ஒரு புள்ளியைத் தவறவிட்டோம்.

2019ஆம் ஆண்டு நம் மனைவிக்கு முடக்குவாதம் கண்டது. மருத்துவர் இரு மாத்திரைகள் தந்தார். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒருநாள் மட்டும். ஏனைய நாள்களில் ஃபோலிக் அமிலம். சீட்டில் எழுதியதோடு வாயாலும் தெளிவாகச் சொன்னார். ஆங்கிலச் சீட்டை வாசிக்க நாம் பழகியவரல்லர். கேட்டது நினைவிலிருக்கிறதென்று நம்பி, இரண்டையும் இடம் மாற்றிவிட்டோம். வாரத்துக்குரியதை நாள்தோறும் நம் கையாலேயே எடுத்துக் கொடுத்தோம். ஆறாம் நாள் அவர் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீரும் விழுங்க இயலாது போயிற்று.

மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தன. "இது முதலில் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து, ஹஜ்ரத்" என்றார் இளம் மருத்துவர். மனைவியோ, "நீங்க தந்ததத்தானே சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதில் குறை கூறும் தொனி சிறிதுமில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

பின்னர் அம்மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், நெசவாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளின் இரத்தசோகை ஈஸ்ட் சாரத்தால் தீர்வதைக் கண்டார். அதிலிருந்த பொருளே, பின்னாளில் இலையின் பெயரால் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. அணுக்கள் பிரிந்து பெருக இது இன்றியமையாதது. ஓயாது இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சைக்கோ இது பெரிதும் வேண்டும்.

இதை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கும் வழியை 1945ஆம் ஆண்டு கண்டது, அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய குழு. 1895இல் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கழிச்சல் நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர்.

ஆனால் நற்குருதியை வளர்க்கும் பொருள் தீய குருதியையும் வளர்க்குமே! இரத்தப் புற்றில் வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்கள் அந்நோயை விரைவுபடுத்துவதாகக் கருதினார். அதற்கு எதிரான பொருளை நாடினார். சுப்பாராவின் குழு அமினோப்டெரினை ஆக்கித் தந்தது. ஃபோலிக் அமிலத்தில் ஓர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன் வந்தமர்ந்த மாற்றமே அது. ஒரு புள்ளிதான்! அணு அதனை மெய்ப்பொருளென்று நம்பி ஏற்கிறது. பின் பெருக இயலாது நின்றுவிடுகிறது.

1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்தது கூறப்பட்டது. அத்தணிவு நிலைக்கவில்லை, எனினும் அதுவரை மூடியிருந்த கதவு திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கு மிகுந்த அளவிலும், முடக்குவாதத்துக்கு வாரமொருமுறை சிறிய அளவிலும் அது இன்று வழங்கப்படுகிறது.

நம் மனைவியை மீட்டதும் அக்குடும்பத்துப் பொருளே. ஃபோலிக் அமிலத்தின் மற்றொரு வடிவமான ஃபோலினிக் அமிலத்தை ஊசிவழிச் செலுத்தினார்கள். பத்து நாளில் கஞ்சி குடித்தார். மூன்று வாரத்தில் வீடு திரும்பினார்.

இப்போது அம்மாத்திரை உறையில் 'புதன் மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். மருந்து தருமுன் மகனையும் சீட்டை வாசிக்கச் சொல்கிறோம். ரஹ்மத்தையும் ஜஹ்மத்தையும் பலகையில் எழுதும் நாளில், நம் கைப்பிழையையும் மாணவர்க்கு மறையாது சொல்கிறோம். சுப்பாராவின் பெயரையும் சொல்கிறோம். புள்ளியை அறிந்து இட்டவர் அவர். அறியாது இட்டவர் நாம்.