ஆச்சியின் பல்லில் ஒரு காவிக் கோடு

ஆச்சி சிரித்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். வெட்கம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். முன்பற்களில் குறுக்காகக் காவி நிறத்தில் ஒரு கோடு. அதை மறைக்கத்தான் அந்தத் தலைப்பு என்று பிறகு புரிந்தது. வெற்றிலைக் கறை என்பார்கள் ஊரில். வெற்றிலையைத் தொட்டே அறியாத என் தங்கை மகளுக்குப் பத்து வயதில் அதே கோடு தெரிந்தபோது, இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவது என இறங்கினேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் தொடங்கும் பக்கம். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நெசவுக்கு நூல் தோய்க்கும் சாயத் தண்ணீர் என்றார் ஒருவர். வயலில் கொட்டும் உரம் என்றார் இன்னொருவர். மண்ணை மட்டும் யாரும் சொல்லவில்லை. கோமதி அம்மன் சன்னதியில் புற்றுமண்ணை வாங்கி நெற்றியில் பூசிக்கொள்கிறவர்கள் நாங்கள். மண்மேல் பழி போட நாக்கு எழாது.

முதல் தடவை ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது எந்தத் தண்ணி?”

“தெருக்குழாய்த் தண்ணிம்மா.”

“தொட்டியில ஆத்துத் தண்ணியும் போர்த் தண்ணியும் கலந்துல்லா ஏறுது? நீங்க சந்தேகப்படுதது எதை?”

பதில் சொல்லத் தெரியவில்லை. எப்படி எடுக்க வேண்டும் என்று அவரே பொறுமையாகச் சொன்னார். மோட்டாரைப் போட்டதும் பிடிக்கக் கூடாது. குழாயில் தேங்கிக் கிடந்தது வெளியேறும் வரை ஓடவிட வேண்டும். புதுப் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும். கிருமி பார்ப்பதானால் எல்லாம் தலைகீழ்: ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலை அலசவே கூடாது, கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுவர வேண்டும். ஃபுளோரைடு பார்க்கக் கண்ணாடி ஆகாது. கண்ணாடியில் எழுத்துப் பொறிக்கப் பயன்படுவதே ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்தான்; ஃபுளோரைடுக்கும் கண்ணாடிக்கும் அப்படி ஒரு பிடிப்பு. கடைசியாகச் சொன்னதுதான் மனதில் நின்றது: “இடம், ஆழம், தேதி, நேரம் எழுதலைன்னா அது வெறும் தண்ணி அண்ணாச்சி, மாதிரி இல்ல.”

ஃபுளோரைடு என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்த பல் மருத்துவர் பிரெடெரிக் மெக்கே, அந்த ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் அன்றைய சோதனைகளில் எதுவும் சிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் அப்படியே போயின. பாக்சைட் என்ற சுரங்க ஊரிலும் அதே கறை. அங்கே சுரங்கம் நடத்திய அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைமை வேதியியலர் சர்ச்சில் 1931இல் அந்தத் தண்ணீரை ஒளிப்பட்டைக் கருவியில் சோதிக்கச் செய்தார். விடை ஃபுளோரைடு. அவர் நம்பவில்லை. மாதிரி கெட்டுப்போயிருக்கும், வேறு கொண்டுவா என்று உதவியாளரைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது மாதிரியும் அதையே சொன்னது: லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். அந்த ‘வேறு கொண்டுவா’தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாதிரியைச் சந்தேகிக்கத் தெரிந்தவருக்கே முடிவை நம்பும் உரிமை உண்டு.

நம் பக்கத்துக் கதை இதற்கு ஆறே ஆண்டு பிந்தியது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் உழவு மாடுகள் கால் விறைத்து நுகத்தடியில் நிற்க முடியாமல் தவித்ததைக் கண்டவர்கள் விவசாயிகள். மனிதர்களின் எலும்பையும் அதே ஃபுளோரைடு முடக்குகிறது என்று ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 1937இல் எழுதினார்கள். அந்த ஆய்வு நம் கிண்டி கிங் நிலையத்திலிருந்து வந்தது.

இரண்டாம் தடவை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டேன். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கேனை மூன்று முறை அலசிப் பிடித்தோம். உரத்தின் மேல் இருந்த சந்தேகத்துக்காக மண்ணும் எடுத்தோம். வரப்பு, எருக்குழி, மரநிழலை விட்டு விலகி, மேலே கிடந்த சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ போல ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே கனத்துக்குச் சீவினோம். பத்து இடத்து மண்ணைச் சாக்கில் பரப்பி, விரலால் கூட்டல் குறி போட்டு, எதிரெதிர்க் கால்பங்கு இரண்டைத் தள்ளி, மிச்சத்தைக் கலந்து மறுபடியும் கோடு போட்டு, அரைக் கிலோ ஆகும்வரை குறைத்தோம். சித்தப்பா கடைசிப் பிடி மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துணிப்பையில் போட்டார்.

போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டியிருந்தது. உரமும் சாக்கடையும் கசிந்திருந்தால் ஏறியிருக்க வேண்டிய நைட்ரேட் அளவோடு இருந்தது. மண்ணில் காரம் அதிகம். எங்கள் காலடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. காரமும் மிகுந்து சுண்ணாம்புச் சத்தும் குறைந்த தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்தால் அது கரைந்து இறங்கும். சாயப் பட்டறைக்காரர்மேல் போட்ட பழியை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிள்ளைகளின் நிலைத்த பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், எட்டு வயதுக்குள், குடிக்கும் தண்ணீர்தான் கோட்டைப் போடுகிறது. முளைத்த பிறகு தண்ணீரை மாற்றினால் அது அழியாது. கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றி இன்னும் கூடவே செய்யும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் போர் போடும்போது எத்தனை அடியில் பாறை வந்தது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், மழைக்கு முன் ஒரு கேன், மழைக்குப் பின் ஒரு கேன், இடமும் தேதியும் எழுதி ஆய்வகத்தில் கொடுங்கள்.